பச்சை முக்காடு போட்ட மாதா

அக்டோபர் 11, செவ்வாய்

டைரி எழுதுகிற ஆள் இல்லை நான். பள்ளிக்கூடத்தில் கொடுத்தார்கள் என்று மகள் ஜெசிந்தா ஜனவரியில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாள். இதுநாள் வரை அரிசிப் பானைக்கு மூடியாகக் கிடந்தது. இன்றைக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சொல்ல ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

மத்தியானம் சாளை மீன் ஆய்ந்துகொண்டே போனில் ஒரு பழைய நாடகம் பார்த்தேன். அந்தக் காலத்தில் டிவியில் வாராவாரம் வந்ததாம். அப்போது என் வீட்டில் டிவி ஏது. இப்போது யாரோ ஒரு புண்ணியவான் யூடியூபில் ஏற்றியிருக்கிறான். கதை தூத்துக்குடியில் நடக்கிறது என்கிறார்கள், ஆனால் அதில் ஒருத்தனுக்கும் எங்கள் ஊர்ப் பேச்சு வாயில் வரவில்லை. ஆறாவது பாகத்தில் கதாநாயகி துறைமுகத்தில் நின்று அழுகிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு சின்னச் சரக்குக் கப்பல், முழுக்க வெள்ளைச் சாயம். கப்பல் ஓட்டுகிற அறைக்கு வெளியே முன்சுவரில் ஒரு படுதா தொங்குகிறது. காற்றடித்துப் படுதா ஒரு பக்கம் தூக்கியது. அடியில் மாதா படம். பச்சை முக்காடு போட்ட மாதா.

மீனோடு சேர்த்து விரலையும் அறுத்துக்கொண்டேன்.

எந்த ஊரிலும் மாதாவுக்கு நீல முக்காடுதான் போடுவார்கள். பச்சை போட்டது ஒரே ஒரு ஆள். என் கஸ்பார். கப்பலுக்குச் சாயம் அடிக்கிற வேலை அவருக்கு. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் 'ஆரோக்கிய ராணி' என்ற கப்பலில் மாதா வரைந்தார். நீலச் சாயம் தீர்ந்துவிட்டதாம். என் கல்யாணச் சேலை பச்சை. அதே பச்சையைக் குழைத்து முக்காடு போட்டுவிட்டார். பொண்டாட்டி சேலையை எடுத்து மாதாவுக்குப் போர்த்திவிட்டான் என்று ஊரே கேலி செய்தது. எனக்கு உள்ளுக்குள் பெருமை.

ஆரோக்கிய ராணி 1986 நவம்பரில் மாலத்தீவுக்குப் போகிற வழியில் மூழ்கிப்போனது. ஏழு பேரில் ஆறு பேர் பிழைத்து வந்தார்கள். கஸ்பார் வரவில்லை. ஜெசிந்தா அப்போது ஆறு மாசக் கைக்குழந்தை.

இந்த நாடகம் எடுத்தது 1988 என்று போட்டிருக்கிறது.

கப்பலின் பக்கவாட்டில் கயிற்றுப் பலகையில் தொங்கிக்கொண்டு ஒருவன் சாயம் அடித்துக்கொண்டிருந்தான். முதுகு மட்டும்தான் தெரிந்தது. சாயம் அடிக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள்.

அக்டோபர் 12, புதன்

எனக்குப் புத்தி பிசகித்தான் போயிருக்க வேண்டும். நேற்று அந்த நாடகத்துக்கு அடியில் ஒரு கேள்வி கிடந்தது. "கதாநாயகி அழும் காட்சியில் பின்னால் நிற்கும் சரக்குக் கப்பல் எது? பல வருடமாகத் தேடுகிறேன். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லவும்." எழுதியவர் பெயர் அருணகிரி. நான் சும்மா இருந்திருக்கலாம். "இது எங்க ஊரு ஆரோக்கிய ராணி" என்று பதில் போட்டுவிட்டேன். அவர் நம்பர் கேட்க, அதையும் கொடுத்துத் தொலைத்தேன்.

இன்றைக்கு அவரிடமிருந்து பதில் வந்திருக்கிறது. "அம்மா, அந்தக் கப்பல் 86லேயே மூழ்கிவிட்டதாகப் பதிவாகியிருக்கிறதே?"

நேற்று எனக்கு மாதா மட்டும்தான் கண்ணில் பட்டது. இன்றைக்குத்தான் மற்றது உறைத்தது.

தொம்மையைப் பற்றி எழுத வேண்டும், கை ஓடமாட்டேன் என்கிறது. தொம்மை என் இப்போதைய புருஷன். அதே கப்பலில் எஞ்சின் வேலை பார்த்தவர். கஸ்பாருக்கு உயிர்க் கூட்டாளி. பிழைத்து வந்த ஆறு பேரில் ஒருவர். கப்பலோடு கஸ்பார் கீழே போனதை என் கண்ணால் பார்த்தேன் என்று பங்குச் சாமியாரிடம் வேதப் புத்தகத்தில் கை வைத்துச் சொன்னது அவர்தான். அவர் சாட்சியில்தான் நான் விதவையானேன். அந்தச் சாட்சியில்தான் 1990இல் அவருக்கே என்னைக் கட்டிவைத்தார்கள். ஜெசிந்தாவுக்கு அப்பா என்றால் தொம்மைதான்.

கப்பல் மூழ்கவில்லை என்றால் கஸ்பார் எப்படிச் செத்தார்? செத்ததைக் கண்ணால் பார்த்தவர் என்ன பார்த்தார்?

வெளியே தொம்மை தன் வள்ளத்து எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டுத் தனக்குத்தானே பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார். எழுதுவது போதும்.

அக்டோபர் 13, வியாழன்

மாவு புளித்துவிட்டது. தோசை சுட்டுக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றார். நான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அக்டோபர் 15, சனி

நாகர்கோவிலிலிருந்து ஜெசிந்தா வந்தாள். அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாப்பிள்ளை வெளிநாட்டில் என்பதால் சனி ஞாயிறு இங்கே வந்துவிடுவாள். வந்ததும் வராததுமாக, "எம்மா, உனக்கு உடம்பு சரியில்லையா? கண்ணு உள்ள போய்க் கெடக்கு" என்றாள். பித்தம் என்றேன். "பித்தமுன்னா ஏன் அப்பா கூட ஒரு வார்த்த பேச மாட்டேங்க?" என்றாள். பெற்ற பிள்ளையிடம் எதையும் மறைக்க முடிவதில்லை. நான் அடுப்பங்கரைக்குள் போய்விட்டேன்.

அவள் தன் அப்பாவோடு மீன் வாங்கப் போயிருந்த நேரத்தில் அருணகிரி கூப்பிட்டார். பேங்கில் வேலை பார்த்து ரிடையர் ஆனவராம். கப்பல் போட்டோ சேர்ப்பது அவருக்குப் பைத்தியம். குரலில் கள்ளம் கபடம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அம்மா, அது தூத்துக்குடியே இல்லம்மா. மங்களூர் பழைய துறைமுகம். பின்னாடி ஓட்டுக் கட்டடம் தெரியுது பாருங்க, அத வச்சுக் கண்டுபிடிச்சேன். முன்பக்கம் 'சன் ஸ்டார்'னு பேர் எழுதியிருக்கு. ஆனா அந்தப் பேருக்கு அடியில பழைய எழுத்தோட தடம் தெரியுது. நீங்க சொன்னதுக்கப்புறம் ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாத்தேன். சரியா வருது."

"அப்படின்னா?"

"மூழ்கவே இல்லம்மா. இன்சூரன்சுக்காக மூழ்கினதா சொல்லிட்டு, பேர மாத்தி, கலர மாத்தி ஓட்டியிருக்காங்க. முதலாளி போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆச்சாம். கேக்கவும் ஆள் இல்ல. ஆனா ஒண்ணும்மா. ஒருத்தர் செத்துட்டதா பேப்பர்ல வந்திருக்கு. கஸ்பார்னு. பாவம், அவர என்ன பண்ணாங்கன்னு தெரியல. உங்களுக்கு அவரத் தெரியுமா?"

எனக்குத் தெரிந்தவர்கள் அந்தக் கப்பலில் வேலை பார்த்தார்கள், அவ்வளவுதான் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவரை என்ன பண்ணினார்கள். அந்த வார்த்தையே காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெசிந்தாவும் தொம்மையும் விளமீனோடு சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். அவர் குடையை அவளுக்குப் பிடித்துவிட்டு, தான் நனைந்திருந்தார். இந்த மனுஷனா? முப்பத்திரண்டு வருஷமாக என் மேல் ஒரு அடி விழுந்ததில்லை. ஆனால் கப்பலில் என்ன நடந்தது என்று ஒரு தடவை கேட்டால் போதும், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார். துக்கம் என்று நினைத்திருந்தேன்.

அக்டோபர் 17, திங்கள்

என் போன் தண்ணீர் வாளிக்குள் கிடந்தது.

குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், வாளிக்குப் பக்கத்தில் தொம்மை நிற்கிறார். "ஏளா, கை தவறிட்டு. யாரோ கூப்பிட்டாவ, எடுத்துப் பாத்தேன், வழுக்கிட்டு" என்றார். யார் கூப்பிட்டது என்று நான் கேட்கவில்லை. யார் என்று அவரும் சொல்லவில்லை. போனைத் துடைத்து வெயிலில் வைத்தார், அது உயிர் பெறவில்லை. எஞ்சினையே பிரித்துக் கோக்கிற கை. அந்தக் கையில் ஒரு திருகாணி தவறி நான் பார்த்ததில்லை.

எனக்கு ஏதாவது ஆனால் ஜெசிந்தா இதைப் படிக்கட்டும். டைரி பழையபடி அரிசிப் பானை மேலேயே இருக்கட்டும். அங்கேதான் அவர் தேடமாட்டார்.

அக்டோபர் 19, புதன்

அரிவாள்மனையை எடுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். கத்தியையும்.

"ஏளா, அருவாமன எங்க?" என்று வீடு முழுக்கத் தேடினார். மீனை வாங்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறேன் என்றேன். "சாணக்காரன் இந்தப் பக்கம் வந்து மாசமாவுதே" என்றார். பிறகு மீனைப் பக்கத்து வீட்டுக்கு எடுத்துப் போய் ஆய்ந்து கழுவி எடுத்துவந்தார். குழம்பு வைத்தேன். உப்பு கூடிவிட்டது. அதையும் தின்றார்.

சாமி, யாருக்குப் பயப்படுகிறேன் நான்?

அக்டோபர் 21, வெள்ளி

ஜெசிந்தா தன் பழைய போனைத் தெரிந்தவர்களிடம் கொடுத்தனுப்பினாள். கிடைத்ததும் முதல் வேலையாக அந்த ஆறாவது பாகத்தைப் பார்த்தேன். மாதாவைப் பார்க்கத்தான். திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

பலகையில் தொங்குகிறவன் பிரஷை இடது கையில் பிடித்திருக்கிறான். இடது கைக்காரர்கள் எத்தனையோ பேர்.

அக்டோபர் 24, திங்கள்

தீபாவளி. எங்களுக்கு இல்லை என்றாலும் தெரு முழுக்க வெடிச் சத்தம். எதிர்வீட்டிலிருந்து அதிரசமும் முறுக்கும் வந்தன. ஒவ்வொரு வெடிக்கும் தூக்கித் தூக்கிப் போட்டது எனக்கு. தொம்மை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அமலி, நாளைக்குக் காலைல வள்ளத்துல முயல்தீவு வரைக்கும் போயிட்டு வருவமா? நீயும் நானும் மட்டும்" என்றார்.

இத்தனை வருஷத்தில் என்னை ஒரு நாளும் வள்ளத்தில் ஏற்றியதில்லை. பொம்பளைக்கு அங்கே என்ன வேலை என்பார். எனக்கு நீச்சலும் தெரியாது. அது அவருக்குத் தெரியும்.

"எதுக்கு?"

"சும்மாத்தான். உங்கிட்ட ஒண்ணு பேசணும்."

"பேசணும்னா இங்க உக்காந்து பேசுங்க. கடலுக்குள்ள போய்த்தான் பேசணுமா?"

"இங்க பேச முடியாதுளா" என்றார்.

தலை சுற்றுகிறது என்று சொல்லிப் படுத்துவிட்டேன். நாளைக்கும் அதையேதான் சொல்லப்போகிறேன்.

அக்டோபர் 27, வியாழன்

மறுபடி அருணகிரி. அந்த நாடகத்தில் கேமரா பிடித்தவரின் மகனைக் கண்டுபிடித்துவிட்டாராம். நாடகத்தில் வராமல் வெட்டிப் போட்ட டேப் அவரிடம் இருந்ததாம். "அம்மா, பலகையில தொங்கிட்டு பெயிண்ட் அடிக்கிறாரே ஒருத்தர், அவர் திரும்பி கேமராவப் பாத்துச் சிரிக்கிற இடம் அதுல இருக்கு. முகம் பளிச்சுனு தெரியுது. யாருன்னு தெரிஞ்சா கப்பலோட கதையே வெளிய வந்துரும். நவம்பர் அஞ்சாந்தேதி ஒரு கல்யாணத்துக்குத் தூத்துக்குடி வரேன். லேப்டாப்பக் கொண்டாறேன். நீங்க ஒருதரம் பாத்துச் சொல்லணும்."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அஞ்சாம் தேதி சனிக்கிழமை. ஜெசிந்தா வீட்டில் இருப்பாள்.

அக்டோபர் 30, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி. உண்மையாகவே தலைவலி.

நவம்பர் 2, புதன்

கல்லறைத் திருநாள். என்ன நடந்ததோ அதை அப்படியே எழுதிவிடுகிறேன்.

கஸ்பாருக்குக் கல்லறை உண்டு. கடலில் போனவர்களுக்கு உடல் கிடைக்கவில்லை என்றால் எங்கள் குடும்பத்தில் அவர்கள் உடுத்திய உடுப்பைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்வார்கள். கஸ்பாருக்கும் ஒரு சட்டையைத்தான் புதைத்தோம். வருஷா வருஷம் நானும் தொம்மையும் போய் வெள்ளையடித்து, பூப் போட்டு, மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு வருவோம்.

நான் இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன். கல்லறைத் தோட்டத்தில் சாயங்காலம் ஊரே கூடி நிற்கும். அங்கே என்னை ஒன்றும் செய்ய முடியாது. குனிந்து மெழுகுவர்த்தியை நட்டுக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

"கப்பல் மூழ்கலங்கது எனக்குத் தெரியும். அவியள எப்பிடிக் கொன்னிய?"

தீப்பெட்டியோடு அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"கொன்னமா?" என்றார். "கொன்னமுன்னா நெனச்ச? அதுக்கா அருவாமனைய ஒளிச்ச?"

"எம் போன எடுத்து வாளிக்குள்ள போட்டது யாரு?"

"நாந்தான்." மறைக்கவில்லை. "கப்பலப் பத்தி எவனோ கேக்கான். நீ எடுத்தா என்ன ஆவுமோன்னு கை நடுங்கிட்டு. அதுல விழுந்துதா, நாந்தான் போட்டனான்னு எனக்கே தெரியல அமலி. உங்கிட்டச் சொல்லத்தான் வள்ளத்துல கூப்பிட்டேன். வீட்டுல சொவருக்கும் காது இருக்கு."

பக்கத்துக் கல்லறைக்காரர்கள் கும்பிட்டுவிட்டு நகரும்வரை பொறுத்திருந்தார். அப்புறம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னார்.

"அவன் சாவல. முதலாளி கப்பல மறைக்கணும்னாரு. ஒருத்தன் செத்ததாக் காட்டுனாத்தான் இன்சூரன்ஸ்காரன் நம்புவான்னாரு. நான் சாவுதேன்னு கஸ்பாருதான் முன்னால வந்தான். மங்களூர்ல அவனுக்கு ஒரு பொம்பள இருந்தா. ஒரு பையனும் இருந்தான். ஒன்னக் கட்டுததுக்கு முந்தியே."

சுற்றிலும் ஜனங்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"கப்பல வெள்ளையடிச்சது அவன்தான். மாதாவையும் அழிச்சிருன்னாரு முதலாளி. எவனும் மாதா மேல பிரஷ் வைக்க மாட்டமுன்னுட்டான். அவனும் வைக்கல. படுதாவத் தொங்கவிட்டான்."

ஊரை ஏமாற்றவும், இன்சூரன்ஸ்காரனை ஏமாற்றவும், பெண்டாட்டியை ஏமாற்றவும் இவர்களுக்குத் துணிச்சல் இருந்தது. மாதா மேல் பிரஷ் வைக்க மட்டும் ஏழு பேருக்கும் கை வரவில்லை. அதில்தான் மாட்டிக்கொண்டார்கள்.

"அவிய இப்ப எங்க இருக்காவ?"

"தெரியாது. பன்னெண்டு வருஷத்துக்கு முந்தி மங்களூர்ல பாத்ததா ஒருத்தன் சொன்னான். அதோட சரி. இருக்கானா போயிட்டானான்னு தெரியாது."

"பின்ன எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு என்னையக் கட்டுனீய?"

அவர் அழுதார். "பொய் சொன்னது அவனுக்காவ. அதத் திருத்தாம விட்டது எனக்காவ. பிள்ளையத் தூக்கிட்டு நீ தனியா நின்ன. எனக்கு மனசு கேக்கல. ஆசையும் இருந்துச்சு. அன்னையிலருந்து வாசக்கதவு தட்டுனாப் போதும், அவந்தான் வந்துட்டான்னு பயந்துக்கிட்டுக் கெடக்கேன்."

மழை தூறி மெழுகுவர்த்தி அணைந்தது. அவர் மறுபடி கொளுத்தினார். சட்டைக்குத்தான் கொளுத்துகிறோம் என்று இருவருக்கும் தெரியும். வீட்டுக்கு ஒரே குடையில் வந்தோம்.

நவம்பர் 3, வியாழன்

இதை எழுதாமல் விடக் கூடாது. பலகையில் தொங்கியவனின் முதுகை முதல் நாளே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எத்தனை தடவை எண்ணெய் தேய்த்த முதுகு. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன். தொம்மை கொலைகாரனாக இருந்தால் தேவலை என்று இருந்திருக்கிறது எனக்கு. கொலையென்றால் கஸ்பார் என்னை விட்டுவிட்டுப் போகவில்லை என்று ஆகுமே. எப்பேர்ப்பட்ட பாவி நான். தன் பங்கு மீனையும் என் தட்டில் வைக்கிற மனுஷனைக் கொலைகாரனாக்கப் பார்த்தேனே.

இப்போதுதான் இன்னொன்றும் புரிகிறது. கல்யாணம் ஆன நாளிலிருந்து தொம்மை நற்கருணை அப்பம் வாங்கியதில்லை. பூசையில் கதவுப் பக்கம் நின்றுவிடுவார். எல்லோரும் வரிசையாகப் போகும்போது இவர் மட்டும் நகரமாட்டார். கேட்டால், பீடி குடித்துவிட்டேன் என்பார். கடவுள் பக்தி இல்லாத ஜென்மம் என்று எவ்வளவு திட்டியிருக்கிறேன். கஸ்பார் உயிரோடு இருக்கும்போது எங்கள் கல்யாணம் கோயில் கணக்கில் கல்யாணமே இல்லை. அப்படி வாழ்கிறவர்கள் நற்கருணை வாங்கக் கூடாது. அது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. தெரியாமல் நான் வாங்கியதில் பாவமில்லை. தெரிந்துகொண்டு அவர் வாங்கவில்லை.

இப்போது எனக்கும் தெரியும்.

சாமியாரிடம் போய்ச் சொல்லலாமா? சொன்னால் பிரிந்து இருங்கள் என்பார். அறுபது வயதில் எங்கே பிரிந்து போக? சேர்ந்தே இருப்பதென்றால் கஸ்பார் செத்ததற்குச் சாட்சி கேட்பார். சாட்சிக்கு எங்கே போக?

நவம்பர் 4, வெள்ளி

சாம்பார் பொடி திரித்தேன். அரிவாள்மனையை எடுத்து வெளியே வைத்தேன். "சாணை பிடிச்சு வந்துட்டா?" என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன்.

நாளைக்கு அருணகிரி வருகிறார். ஜெசிந்தா அந்த முகத்தைப் பார்ப்பாள். கூடத்துச் சுவரில் என் முதல் கல்யாணப் போட்டோ தொங்குகிறது. அதைக் கழற்றினால் ஏன் என்று கேட்பாள். கழற்றாவிட்டால் ஒத்துப் பார்ப்பாள். தன்னைப் பெற்றவன் தன்னை வேண்டாம் என்று போனான் என்று என் பிள்ளைக்குத் தெரியப்போகிறது. அப்பா என்று கூப்பிட்டவர் அதை மறைத்தார் என்றும் தெரியப்போகிறது. ஒரே நாளில் இரண்டு அப்பாவும் இல்லாமல் ஆகிவிடுவாள். அவர் ஒரு பக்கம் உட்கார்ந்து கையைப் பிசைகிறார், நான் ஒரு பக்கம்.

நவம்பர் 5, சனி

அருணகிரி வந்தார். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, கையில் பூந்தி பாக்கெட்டோடு. பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. கூடத்தில் ஜெசிந்தாதான் அவருக்கு மேசை இழுத்துப் போட்டாள். கப்பல் கதையை அவர் சொல்லச் சொல்ல அவளுக்கு ஆவல் தாங்கவில்லை. "எங்க அப்பா அந்தக் கப்பல்லதான் சார் இறந்துட்டாங்க" என்று அவளே சொல்லிவிட்டாள். அருணகிரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தொம்மை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

படம் ஓடியது. வெள்ளைக் கப்பல். பலகை. முதுகு. யாரோ கூப்பிட, அவர் திரும்பினார். மேல் உதடு ஒரு பக்கமாக ஏற, பல் தெரியச் சிரித்தார். கவலையே இல்லாத சிரிப்பு. அந்த நேரத்தில் நான் இங்கே அவர் சட்டையைப் புதைத்துவிட்டு, வெள்ளைச் சேலை கட்டி, பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இவரத் தெரியுதா?" என்றார் அருணகிரி.

தொம்மை தொண்டையைச் செருமினார். "சார், நாஞ் சொல்லுதேன். அது..."

"அது வேற ஆளு" என்றேன். எனக்கே என் குரல் பெரிதாகக் கேட்டது. "என் வீட்டுக்காரரு இப்பிடி இருக்க மாட்டாவ. கப்பலும் வேற கப்பல்தான் சார். அவசரப்பட்டு நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"அந்தப் பச்சை முக்காடு..."

"அது யாரு வேணும்னாலும் வரைவாவ. எங்க கப்பல்ல இருந்தது நீலம்."

அவருக்கு முகம் வாடிப்போனது. பாவமாக இருந்தது. நல்ல மனுஷன், இவ்வளவு தூரம் வந்தவர். லேப்டாப்பை மூடும் முன் இன்னொரு முறை என்று ஜெசிந்தா கேட்டு அந்த இடத்தை மறுபடி ஓட்டச் சொன்னாள். பார்த்தாள். காப்பி கலந்து கொடுத்து அவரை அனுப்பினோம்.

வேதப் புத்தகத்தில் கை வைக்கவில்லை என்றாலும் பொய்ச் சாட்சி பொய்ச் சாட்சிதான். இனிமேல் தொம்மையைச் சொல்ல எனக்கு வாய் கிடையாது.

நவம்பர் 6, ஞாயிறு

மூன்று பேரும் பூசைக்குப் போனோம். நற்கருணை நேரம் வந்தது. எல்லோரும் எழுந்து வரிசையில் போனார்கள். ஜெசிந்தா எழுந்து, நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்த்தாள். கால் பழக்கத்தில் எழுந்துவிட்டேன். வரிசைக்குள் போகாமல் பின்னால் நடந்து கதவுப் பக்கம் தொம்மைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அவர் செருப்பைத் தேடப் போனார். ஜெசிந்தா என் பக்கத்தில் வந்தாள்.

"ஏம்மா நற்கருண வாங்கல?"

"காலைல காப்பி குடிச்சுட்டேன்."

"அது ஒரு மணி நேரத்துக்கு முந்தி குடிச்சா ஒண்ணும் இல்லம்மா. நீதான எனக்குச் சொல்லிக் குடுத்த." பிறகு மெதுவாகச் சொன்னாள். "நான் சிரிச்சா என் மேல் உதடு எந்தப் பக்கம் ஏறும்னு எனக்குத் தெரியாதாம்மா? தெனமும் கண்ணாடி பாக்கேன்."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஏதாவது திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் தூரத்தில் குனிந்து செருப்புத் தேடிக்கொண்டிருந்த தொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்னு அப்பாகிட்டச் சொல்லிராதம்மா" என்றாள். "பயந்துருவாவ."

அதற்குள் அவர் மூன்று பேர் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மத்தியானத்துக்கு என்ன மீன் வாங்கலாம் என்று ஜெசிந்தா அவரிடம் கேட்டாள்.